மூன்றாம் வகுப்பில் இந்தப் பருவம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மாறிவிட்டது, வீடு மாறிவிட்டது, முதுகுவலி மட்டும் மாறவில்லை என்று எழுதியிருந்தாய், படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இந்த வருஷமும் மூன்றாம் வகுப்புதான், நானே கேட்டு வாங்கினேன். உன் மகளும் மூன்றாவதுக்கு வந்துவிட்டாளாம், இந்தப் பருவத்தில் பாடவாரியாக என்னென்ன நடத்துவீர்கள், பட்டியல் போட்டு அனுப்பு என்கிறாய். அனுப்பினால் அதைச் சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாக டிக் அடிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? பாடத் தலைப்புகள் அவள் புத்தகத்திலேயே இருக்கும். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதைத்தான் நான் எழுதப்போகிறேன்.

முதலில் கணக்கு, ஏனென்றால் நீ பயப்படுவதும் அதற்குத்தான். மூன்று இலக்க எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், வாய்ப்பாடு, கடிகாரம், பருவக் கடைசியில் கொஞ்சம் பின்னம். இதில் கழித்தல்தான் பெரிய கண்டம். 402-இல் 157-ஐக் கழி என்றால் வகுப்பில் பாதிப் பேர் 355 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டிவிடாதே. இரண்டில் ஏழு போகாது, சரி, ஏழில் இரண்டு போகுமே என்று திருப்பிப் போட்டுவிடுகிறார்கள், சைபரில் ஐந்துக்கும் அதே வைத்தியம். எப்போதும் பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு யாரோ சொன்னதை அந்தக் குழந்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறது, அவ்வளவுதான். இதற்குக் குச்சிகளை எடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு நூறாகக் கட்டி, அந்த நூறைப் பிரித்தால்தான் பத்துகள் கிடைக்கும், ஒரு பத்தைப் பிரித்தால்தான் ஒன்றுகள் கிடைக்கும் என்று அவள் கையாலேயே அவிழ்க்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 157-இலிருந்து மேலே ஏறச் சொல்: 3 சேர்த்தால் 160, இன்னொரு 40 சேர்த்தால் 200, அப்புறம் 202 சேர்த்தால் 402, மொத்தம் 245. இந்த வழியில் கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

வாய்ப்பாட்டுக்கு நீ ராத்திரி பத்து மணிவரை அவளை உட்கார வைப்பாய் என்று தெரியும், அதனால் இதையும் கேள். பத்தாம் வாய்ப்பாடு வரைக்கும் நூறு வரிகள் என்றுதானே மலைக்கிறோம்? 6×8-ம் 8×6-ம் ஒன்றுதான் என்று புரிந்தவுடன் நூறு 55 ஆகிவிடுகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து இந்த நான்கும் தானாக வரும், அவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் 21. அந்த 21-இலும் உண்மையில் உயிரை வாங்குவது 6×7, 6×8, 7×8 மாதிரி நாலைந்துதான். தினமும் சாப்பிடும்போது அதில் ஒன்றைக் கேள், போதும். பின்னத்தில் 1/4-ஐவிட 1/8 பெரியது என்று அடித்துச் சொல்வாள், ஏனென்றால் எட்டு நான்கைவிடப் பெரியது. ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை வெட்டிக் கொடுத்து மடிக்கச் சொல், நீ வாயே திறக்க வேண்டாம்.

தமிழில் இந்தப் பருவம் பத்தி படித்தல், சொந்தமாக ஐந்தாறு வாக்கியம் எழுதுதல். 247 எழுத்து என்று மிரட்டுவார்கள், ஆனால் 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் போக மீதி 216-ம் பெருக்கல் கணக்குதான், அதை நான் வாய்ப்பாட்டோடு சேர்த்தே நடத்திவிடுவேன். கஷ்டம் எண்ணிக்கையில் இல்லை. துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி ஒட்டும், உகரம் அப்படியில்லை, கு, சு, து, ரு என்று எழுதிப் பார், ஒவ்வொன்றும் வேறு வேறு வளைவு. கொ, கோ வந்தால் இன்னும் மோசம், வாயில் 'க்' முதலில் வருகிறது, கை கொம்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்பிலும் இதில் தயங்குகிற பிள்ளைகள் உண்டு, சோம்பேறி என்று பெயர் வைத்துவிடாதே. அவள் ஒரு பத்தி வாசித்து முடித்ததும் 'அப்புறம் என்ன நடந்திருக்கும்?' என்று கேட்டுப் பார், மடமடவென்று வாசிக்கிற சில பிள்ளைகள் அந்த இடத்தில் விழிப்பார்கள்.

அறிவியலில் எனக்குப் பிடித்த நிழல் பாடம் இந்தப் பருவத்தில்தான் வருகிறது. வெயிலில் ஒரு குச்சியை நட்டு மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைப்போம். காலையில் நீளம், நண்பகலில் குட்டை, சாயங்காலம் மறுபடியும் நீளம். அளவெடுத்தால் கணக்கு, அதைப் பற்றி ஐந்து வரி எழுதினால் தமிழ், நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்று பார்த்தால் சமூக அறிவியல், ஒரே குச்சியில் நாலு பீரியட் ஓடிவிடும். நண்பகல் நிழலை வைத்தே எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 வருஷங்களுக்கு முன்னால் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், உடனே எழுந்துபோய்க் குச்சியை மறுபடி பார்ப்பார்கள். அடுத்தது விதை. ஒன்றை ஜன்னலோரத்திலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைப்போம், இருட்டில் இருப்பது செத்துப்போகும் என்றுதான் எல்லாரும் பந்தயம் கட்டுவார்கள், ஆனால் அதுதான் வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். விதைக்குள் இருக்கும் உணவு தீரும்வரை வளர்ந்துகொண்டே வெளிச்சத்தைத் தேடுகிறது என்று நான் விளக்குவதற்கு முன்னால் அவர்களே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், பாதி தப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தை நான் எதற்காகவும் விடமாட்டேன்.

சமூக அறிவியலில் வகுப்பறையை மேலிருந்து பார்ப்பது போல வரையச் சொல்வேன். மேசைக்கு நாலு காலும் சேர்த்து வரைவார்கள், மேலே நின்று பார்த்தால் கால் தெரியாது என்று புரிய ஒரு வாரம் ஆகும், வரைபடம் வாசிக்கக் கற்பது அங்கேதான் தொடங்குகிறது. ஓவியம், விளையாட்டு பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, சிவப்பு, மஞ்சள், நீலம் கலப்பார்கள், பந்து பிடிப்பார்கள். கணினி வகுப்பும் உண்டு, ஆனால் இந்த வயதில் அது குறைவாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி, நீ சண்டைக்கு வருவாய்.

செயல்திட்டம் என்று ஏதாவது வீட்டுக்கு வந்தால் தயவுசெய்து நீ செய்து கொடுக்காதே. தெர்மாகோலில் அப்பா செய்ததையும் பிள்ளை செய்ததையும் பார்த்தவுடனே எங்களுக்குத் தெரிந்துவிடும், கோணல்மாணலாக இருப்பதற்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

அவளுடைய கணக்கு நோட்டில் தப்பாகப் போட்ட பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பு, எனக்கு அதுதான் வேண்டும். முதுகுவலிக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார், தரையில் குனிந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்ப்பதையும் நிறுத்து. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்