பாஸ்டர்மாருக்கும் சபை கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான பாஸ்டர் ஐயாமாருக்கும் கமிட்டியில இருக்குற பெரியவங்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம்ம பிரசங்கத்தக் கேட்டு யாருக்காவது கோபம் வந்து எவ்ளோ காலம் ஆச்சு? ஆறுதல், ஆசீர்வாதம், சமாதானம் எல்லாம் வேணும்தான், உடைஞ்ச மனசோட வர்றவங்களுக்கு அது மருந்து. ஆனா வசதியா உக்காந்திருக்குற நமக்கும் வாராவாரம் அதே மருந்துதான்னா எங்கயோ தப்பு நடக்குது ஐயா.

லூக்கா 4ஆம் அதிகாரம் எடுத்துக்கோங்க. நாசரேத்துல இயேசு ஏசாயா புத்தகத்த வாசிச்சப்ப எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க, நாம பெரும்பாலும் அதோட ஆமென் சொல்லிடுறோம். அதுக்கப்புறம்தான் அவர், எலியா காலத்துப் பஞ்சத்துல இஸ்ரவேல்ல எத்தனையோ விதவைங்க இருந்தும் எலியா போனது சீதோன் நாட்டு விதவைகிட்ட, எலிசா காலத்துல குஷ்டம் நீங்கினது சீரியாக்காரன் நாகமானுக்குன்னு சொன்னார். தேவன் எங்களுக்கு மட்டும்தான்ங்குற நெனப்புல கை வச்சதும் அதே ஜனங்க அவர மலையில இருந்து தள்ளிவிடப் பாத்தாங்க.

அப்போஸ்தலர் 16ல, பிலிப்பி பட்டணத்துல நடந்தது இன்னும் பச்சையா இருக்கும். குறி சொல்ற ஒரு அடிமைப் பொண்ணு, அவள வச்சு எஜமான்களுக்கு நல்ல வருமானம். பவுல் அவளுக்கு விடுதலை வாங்கிக் குடுத்ததும் பொழப்பு போச்சேன்னு அவரையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துட்டுப் போறாங்க. ஆனா அதிகாரிங்க முன்னாடி வருமானத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல, பாத்தீங்களா? இவங்க யூதங்க, பட்டணத்தக் கலக்குறாங்க, ரோமரான நாங்க ஏத்துக்கக்கூடாத வழக்கத்தச் சொல்லித் தர்றாங்கன்னுதான் புகார். அந்தப் பொண்ணப் பத்தியும் பேச்சே இல்ல. "சபை ஒற்றுமை கெட்டுடும்", "இது நேரமில்ல"ன்னு நம்ம மீட்டிங்ல யாராவது சொல்றப்பல்லாம் எனக்கு இந்தப் புகார்தான் ஞாபகம் வருது, பின்னாடி யாரோட வருமானம் யாரோட பதவி இருக்குன்னு பாக்கத் தோணுது.

1963ல அமெரிக்காவுல, பர்மிங்ஹாம்ல கறுப்பின மக்கள் நிறவெறிய எதிர்த்துத் தெருவுல இறங்கினப்ப, இது சரியான நேரமில்லன்னு அறிக்கை விட்டது எட்டு மதகுருமார், அதுல பல பேர் பிஷப்மார். மார்ட்டின் லூதர் கிங் சிறையில இருந்து நீளமா பதில் எழுதினது அவங்களுக்குத்தான். அவங்க ஒண்ணும் கொடுமைக்காரங்க இல்ல, அமைதி கெடக்கூடாதுன்னு நெனச்ச மரியாதையான ஆளுங்க, நம்மள மாதிரி. மத்திய அமெரிக்காவுல எல் சால்வதோர் நாட்டுப் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, ஜனங்களக் கொல்லச் சொல்ற உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீங்கன்னு ராணுவ வீரர்கள்கிட்ட பிரசங்கத்துலயே சொன்னார், மறுநாள், 1980 மார்ச் 24, பூசை நடத்திட்டு இருக்கும்போதே சுட்டுக் கொன்னாங்க. அந்த அளவுக்கு உங்கள யாரும் கேக்கல ஐயா.

நான் கேக்குறது சின்னது. கூலிக்காரனுக்குக் குடுக்காம நிறுத்தி வச்ச கூலி கூக்குரலிடுதுன்னு யாக்கோபு 5ல இருக்கு. அடுத்த கமிட்டியில கணக்கு வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்த வசனத்த வாசிங்க, ஆலயத்தக் கூட்டுறவங்களுக்கும் ராத்திரி காவல் இருக்குறவங்களுக்கும் நாம என்ன சம்பளம் தர்றோம்னு சபைக்கு முன்னாடி சொல்லுங்க, அந்தக் காசுல நம்ம குடும்பம் ஒரு மாசம் ஓடுமான்னும் பேசுங்க. கட்டட நிதிய அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

கர்த்தருக்குள்,
சபை விசுவாசி ஒருவன்