கீழ் இலையில் விழுந்த வளையங்கள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இராயக்கோட்டைத் தோட்டத்திலிருந்து நீ அனுப்பிய தக்காளி இலையின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். பழுப்புப் புள்ளிக்குள், அறுத்த மரத்தில் தெரிவதுபோல் வளையத்துக்குள் வளையமாக விழுந்து, சுற்றிலும் மஞ்சள் பூத்திருப்பதால், அது ஆல்டர்னேரியா பூஞ்சையால் வரும் முன்பருவ இலைக்கருகல்தான் என்று நினைக்கிறேன். "செடிக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாதா?" என்று கேட்டிருந்தாய். தாராளமாக உண்டு.

தக்காளியின் இலையிலும் தண்டிலும் பச்சைக் காயிலும் டொமாட்டின் என்னும் கசப்புப் பொருள் முன்கூட்டியே சேர்ந்திருக்கிறது. பூஞ்சையின் செல்சவ்விலுள்ள ஸ்டீரால் என்னும் கொழுப்புப் பொருள்களோடு அது பிணைந்து சவ்வைப் பொத்தலாக்குவதால், உள்ளிருப்பது கசிந்து பூஞ்சை மடிகிறது. (பக்கக் கிளை கிள்ளும்போது உன் விரலில் ஏறி, சோப்புக்கும் எளிதில் போகாத பச்சைக் கறை டொமாட்டின் அல்ல; அது இலை மயிர்களின் நுனிச் சுரப்பிகளிலிருந்து வருவது.) பூஞ்சை நுழைந்ததை உணர்ந்த பிறகே செடி தயாரிக்கும் பொருள்களும் உண்டு. 1940-இல் உருளைக்கிழங்கை ஆராய்ந்த முல்லரும் போர்கரும் அவற்றுக்குப் பைட்டோஅலெக்சின் என்று பெயரிட்டனர். தக்காளியில் ரிஷிட்டின், மிளகாயில் கேப்சிடியால் அவ்வகை.

எதிரியும் சும்மா இருப்பதில்லை. இன்னோர் இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் செப்டோரியா பூஞ்சை, டொமாட்டினிலிருந்து ஒரு சர்க்கரையைக் கத்தரித்து அதன் நஞ்சைப் போக்குவதோடு நில்லாமல், மிஞ்சிய துண்டைக் கொண்டே செடியின் மற்றத் தற்காப்புகளையும் மந்தப்படுத்துகிறது என்பதை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூட்டை உடைத்த திருடன் அந்தப் பூட்டாலேயே வீட்டுக்காரனை அடித்த கதை என்று வகுப்பில் சொல்வேன்; பிள்ளைகள் அதை மட்டும் மறக்கமாட்டார்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலை தளர்ந்தது. மண்ணிலிருந்து தெறிக்கும் நீரும் முதலில் அதன்மேல்தான் படுகிறது. ஆகவே புள்ளி விழுந்த கீழ் இலைகளைக் காய்ந்த வெயிலில் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடு. இலை நனையாதபடி சொட்டுநீரில் பாய்ச்சு. கடைக்காரர் சொன்னார் என்பதற்காக வாரம் இருமுறை மருந்து அடிக்காதே. டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவையும் இடைவெளியையும் மீறவேண்டாம். அடுத்த போகத்தில் அந்தப் பாத்தியில் தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்த கத்தரியோ மிளகாயோ வைக்காமல் அவரை போடு.

மழை விட்டதும், நடு இலைகளின் படத்தை அடிப்பக்கமும் தெரியும்படி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா