பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டில் மகள் சிறுமியாக இருக்கும்போதே தாய் சீதனச் சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார். பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, எனாமல் அடுக்கு, ஊறுகாய் ஜாடி என ஒவ்வொன்றாக வாங்கி, பெயர் வெட்டி, அறையில் அடுக்குவார். திருமணத்தில் அனைத்தையும் பரப்பி வைப்பார்கள். அவற்றில் பல இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், வெட்டிய எழுத்தோடு விலைக்குக் கிடக்கின்றன. மனம் பதறுகிறது! சீதனம் பெண்ணின் சொத்து. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவு, அதை உறுதிசெய்கிறது. அவள் சம்மதமின்றி எவரும் விற்கக் கூடாது. (மாப்பிள்ளை வீட்டார் பேரம் பேசிக் கறக்கும் வரதட்சணையை நான் ஆதரிக்கவில்லை.) விற்றே தீரவேண்டிய குடும்பங்கள், சாமான் பட்டியலையாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டும். அதைக் கேட்டுப் பெற அரசு முன்வர வேண்டும்.

– வாசகி, தேவகோட்டை