கெயிட்டி இருந்த இடத்தில் ஒரு பலகை வையுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிளாக்கர்ஸ் ரோட்டில் கெயிட்டி தியேட்டரை இடித்த கதை உங்களுக்குத் தெரியும். இடித்தது இடித்ததுதான், தனியார் சொத்து, அதைப் பேசிப் பயனில்லை. நான் கேட்பது ஒரே ஒரு பலகை.

மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையா, கடன் வாங்கிப் படம் காட்டும் கருவியை வரவழைத்து, பர்மா, இலங்கை என்று ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டிவிட்டு, 1914-இல் இங்கே கட்டிய அரங்கம் அது. தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர். அப்புறம்தான் மின்ட் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப். ஆந்திர அரசு அவர் பெயரில் விருதே கொடுத்தது. அவர் கட்டடம் நின்ற நம்ம ஊரில் ஒரு வரி கிடையாது.

எங்கள் பெரியப்பா ஆபரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சி எரியும் வெளிச்சத்தில் ரீல் ஓட்டியே கண் கெட்டவர். போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு கெயிட்டியைக் காட்டப் போனார். எது வாசல், எது டிக்கெட் கவுண்டர் என்று அவருக்கே பிடிபடவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றின் முன்னால் தடுமாறி நின்றவரிடம் கடைப் பையன் வந்து, "என்ன சார் வேணும், அடாப்டரா?" என்றிருக்கிறான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கு யார் சொன்னார்கள்? பேரனிடம் தாத்தா சொன்னதற்கு அந்தத் தெருவில் ஒரு சாட்சியும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

1913-இல் வந்த எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது, தபால்தலை மையமாக. தபால் துறையால் முடிந்திருக்கிறது. நாம் சபையர், சாந்தி, உதயம் என்று ஒவ்வொன்றாகப் பறிகொடுத்துவிட்டு, ஆகஸ்ட் 22 வந்தால் மெட்ராஸ் டே கொண்டாடுகிறோம். இடிக்க அனுமதி கேட்டு வரும்போதே நாலு போட்டோவும் ஒரு வரைபடமும் வாங்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கோபம் வருகிறது ஐயா, மன்னிக்கவும்.

சரி, கேட்க வந்ததற்கே வருகிறேன். கடைக்காரர் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், நடைபாதை ஓரமாக, உங்கள் தெருப்பெயர்ப் பலகை அளவில் ஒன்று போதும். தியேட்டர் பெயர், கட்டியவர் பெயர், 1914. தமிழிலும் தெலுங்கிலும் இருந்தால் இன்னும் நல்லது. வருகிற ஆகஸ்டுக்குள் வைத்துத் தாருங்கள். பெரியப்பாவை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவன்