காரணத்தை ஒரு வரியில் எழுதித் தாருங்கள்

சிங்கப்பூரில் நீண்டகால வருகை அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்களிடமிருந்து மூன்றாவது பதில் வந்தது. மகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவு பதினொன்றரை மணிக்கு, சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளத்தின் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். என் கணவரின் விண்ணப்பத்தை ஆராய்ந்ததாகவும் ஏற்க இயலவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு முறையும் இதையேதான் எழுதியிருந்தீர்கள். தேதி மட்டும் மாறியிருந்தது. பத்து நாள் கழித்து, அவருடைய குறுகியகால வருகையை நீட்டிக்கக் கேட்டதற்கும் மறுப்பு வந்தது. பிள்ளைக்குக் காது குத்த நாள் குறித்திருந்தோம். அதற்கு நான்கு நாள் முன்பு அவர் திருச்சி விமானம் ஏறினார். என் தம்பியின் மடியில் உட்கார்ந்து பிள்ளை அழுததை அவர் அங்கிருந்து கைப்பேசியில் பார்த்தார்.

உங்கள் மனத்தை இளக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அனுமதி தருவதும் மறுப்பதும் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை. யார் நாட்டுக்குள் வரலாம், யார் தங்கலாம் என்பதை ஓர் அரசாங்கம் முடிவு செய்யத்தான் வேண்டும். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். ஏன் மறுத்தீர்கள்? அந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதித் தாருங்கள்.

எங்கள் கோப்பு உங்களிடம் இருக்கிறது. அதிலுள்ளதை எல்லாம் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் இங்கே கப்பல் பட்டறையில் வேலை அனுமதிச் சீட்டில் ஏழு ஆண்டு இருந்தவர். அப்படி இருந்தவர்கள் சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்க வேண்டுமானால், வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகும்கூட, அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அதைக் கேட்டோம். காத்திருந்தோம். ஒப்புதல் கிடைத்த பிறகுதான் 2022இல் தாலி கட்டினார். யாருக்கும் தெரியாமல் புதுக்கோட்டைக் கோவிலில் கட்டிக்கொண்டு வந்து நிற்கவில்லை.

ஒரு தவறு எங்கள் பக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். திருமணத்துக்கு முன்பே நீண்டகால வருகை அனுமதிக்குத் தகுதி உண்டா என்று மதிப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது. நாங்கள் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. மணந்துகொள்ள ஒப்புதல் கிடைத்துவிட்டதே, சேர்ந்து வாழ்வதற்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கும் என்று தோன்றவில்லை. அதுதான் காரணம் என்றால் அதையாவது சொல்லுங்கள். தெரிந்துகொள்கிறோம்.

ஆனால் 2023இல் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவள் சிங்கப்பூர்க் குடிமகள். 2012இல் வந்த நீண்டகால வருகை 'பிளஸ்' அனுமதிக்கு, குடியுரிமை பெற்ற பிள்ளை இருக்க வேண்டும், அல்லது மணமாகி மூன்றாண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் பிள்ளை இருக்கிறாள். மூன்றாண்டும் முடிந்துவிட்டது. விதியைப் படித்துப் பார்த்தால் நாங்கள் உள்ளே இருக்கிறோம், உங்கள் பதிலைப் படித்தால் வெளியே இருக்கிறோம். நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

காரணம் தெரியாமல் இருப்பது ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை நீங்கள் அறிய வேண்டும். அதற்காகத்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

முதல் மறுப்பு வந்தபோது என் சம்பளம் போதவில்லை போலும் என்று நினைத்தேன். நான் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் உதவியாளர். அடுத்த விண்ணப்பத்துக்குள் வருமானத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்று, சனி ஞாயிறுகளில் ஒரு பேரங்காடியில் காசாளராகச் சேர்ந்தேன். வயிற்றில் பிள்ளை ஏழு மாதம் ஆகும்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தேன். மத்திய சேம நிதிக் கணக்கில் இரண்டு முதலாளிகளின் சந்தாவும் ஏறியதை அச்செடுத்து இணைத்தேன். இரண்டாவது மறுப்பும் வந்தது. அப்படியானால் காரணம் சம்பளம் இல்லை போலிருக்கிறது. அல்லது அதுவும் போதவில்லையோ? இன்றுவரை தெரியாது. எவ்வளவு வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தத் தொகைக்காக உழைத்திருப்பேன். தெரியாத தொகைக்காக எத்தனை நாள் ஓடுவது?

காரணம் சம்பளம் இல்லை என்று ஆனதும் சந்தேகம் ஆட்கள் பக்கம் திரும்பியது. முதலில் என் அம்மா. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "மாப்பிள்ளை பட்டறையில் இருந்தபோது ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டாரா? நமக்குச் சொல்லாமல் மறைத்திருப்பாரோ?" எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். ஆனால் அன்றிரவு படுத்த பிறகு அந்தக் கேள்வி என்னோடு வந்து படுத்துக்கொண்டது. மறுநாள் கணவரோடு பேசும்போது, சாதாரணமாகக் கேட்பதுபோல் அவரிடம் அதைக் கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீயுமா?" என்றார்.

ஒரு வாரம் கழித்து என் கணவர் கேட்டது என்னைச் சுட்டது. என் தம்பி பதினேழு வயதில் ஒரு கைகலப்பில் சிக்கி, காவல்துறையின் எச்சரிக்கையோடு விடப்பட்டவன். இன்று அவன் ஒழுங்காக வேலைக்குப் போகிறான், என் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தியவனும் அவன்தான். "அவன் உன் முகவரியில் இருப்பதால்தான் மறுக்கிறார்களோ? வேறு இடத்துக்குப் போகச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். தம்பி அடுத்த அறையில் இருந்தான். கைப்பேசியின் ஒலிபெருக்கி திறந்திருந்தது. அவன் அதைக் கேட்டான். அன்று முதல் பிள்ளையின் அப்பா அழைக்கும் நேரத்தில் அவன் எழுந்து எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுகிறான்.

எனக்கு இது இரண்டாவது திருமணம் என்பதாலா? அவர் ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே ஊருக்குப் போனதாலா? எங்கள் வயது வித்தியாசத்தாலா? அவர் படித்தது பத்தாம் வகுப்பு என்பதாலா? ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாகிவிட்டது. எங்கள் வாழ்க்கையில் இப்போது குற்றமாகத் தெரியாத பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை. நீங்கள் எங்கள்மீது ஒரு குற்றமும் சொல்லவில்லை என்பது உண்மைதான். சொல்லாமல் விட்டதால், நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சுமத்திக்கொள்கிறோம்.

பாதுகாப்பு தொடர்பான செய்திகளை வெளியிட முடியாது என்று சொல்வீர்கள். அப்படிப்பட்ட செய்தி இருந்தால் வெளியிட வேண்டாம். வருமானமா, ஆவணமா, நடத்தையா, யாருடைய நடத்தை, அவருடையதா என்னுடையதா? இவ்வளவு போதும். பள்ளித் தேர்வில் தோற்ற பிள்ளைக்குக்கூட எந்தப் பாடத்தில் தோற்றது என்று தெரிகிறது.

இதில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து, நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸில் வேலைக்கு வருபவர் தம் மனைவியையோ கணவரையோ அழைத்துவர விரும்பினால், மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். தொகை அதிகம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. தமக்குத் தகுதி வந்துவிட்டதா, இன்னும் எவ்வளவு குறைகிறது என்று அவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குடிமகளாகிய எனக்கு அப்படி ஓர் எண் எங்கும் எழுதப்படவில்லை. வந்திருப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல முடிகிறபோது, இங்கேயே பிறந்தவளுக்கு ஏன் சொல்ல முடியவில்லை?

அவர் இங்கு வந்து உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர் இல்லை. 6ஜி சான்றிதழ் பெற்ற குழாய் வெல்டர். குடிமக்களின் துணைவருக்கு நீண்டகால வருகை அனுமதி கிடைத்தால், வேலை பார்ப்பதற்கான ஒப்புதல் கடிதமும் கிடைக்கிறது. அவர் வந்த மறு மாதமே எங்கள் வருமானம் இரட்டிப்பாகும். அனுமதி இல்லாததால் அவரால் இங்கே சம்பாதிக்க முடியவில்லை. ஒருவர் சம்பளம் மட்டும் இருப்பதால்தான் அனுமதி இல்லை என்றால், இந்த முடிச்சை எங்கள் பக்கத்திலிருந்து அவிழ்க்க வழியே கிடையாது. இதற்கிடையில் ஒவ்வொரு வருகைக்கும் விசாவுக்கான 14ஏ படிவம், இங்கிருந்து நான் எழுதித் தரும் வி39ஏ அறிமுகக் கடிதம், விசா கட்டணம், இருவழி டிக்கெட். வந்து இறங்கிய அன்றே திரும்பிப் போகும் தேதியை நாட்காட்டியில் மடித்து வைக்கிறேன்.

பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்க இணையப் படிவம் நிரப்பியபோது, தந்தையின் தொலைபேசி எண் என்ற கட்டம் எட்டு இலக்கங்களை மட்டும் ஏற்றது. அவருடைய இந்திய எண்ணில் பத்து இலக்கம். கடைசி இரண்டு இலக்கம் உள்ளே போகவே இல்லை. மூன்று முறை முயன்றேன். கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. கடைசியில் என் தம்பியின் எண்ணை எழுதினேன். தந்தை பெயர் ஒருவருடையது, எண் மற்றொருவருடையது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பள்ளி முதலில் அழைப்பது அவனைத்தான். அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு பிள்ளையின் அப்பா இந்த ஊரில்தான் இருப்பார் என்று அவர் நினைத்தது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த தாத்தா, ஊரில் மணம் முடித்து அழைத்துவந்தார். இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறை பின்னால் போனால் இப்படி ஒரு பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ இல்லாத வீடு குறைவு. இன்றும் குடிமக்களின் திருமணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, குடியுரிமை இல்லாத ஒருவரோடு நடக்கிறது. எல்லை தாண்டி மணப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 2023இல் 0.97க்கு இறங்கிவிட்டது என்று நாடே கவலைப்படுகிறது. பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்குச் செவிசாய்த்து நான் ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். இரண்டாவது வேண்டும் என்ற ஆசையும் எங்களுக்கு உண்டு. தகப்பன் முப்பது நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்டும் வீட்டில் எந்தத் தைரியத்தில் பெறுவது? அரசாங்க அடுக்குமாடியில் புதிய வீடு வாங்கலாம் என்றால் எங்களைப் போன்ற தம்பதிக்கு ஈரறை வீடு மட்டும்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது உங்கள் பொறுப்பில் வருவதில்லை என்பதும் தெரியும். கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

திரும்பவும் என் வேண்டுகோளுக்கே வருகிறேன். சென்ற திங்கட்கிழமை நான்காவது விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறேன். திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், என் சம்பளச் சீட்டுகள், அவருடைய வெல்டிங் சான்றிதழ், இங்கே வேலை பார்த்த ஏழு ஆண்டுக்கும் முதலாளி எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் மக்கள் சந்திப்பில் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டு, கடிதம் எழுதியிருக்கிறார். வேறு எந்தத் தாள் வேண்டும் என்றாலும் கேளுங்கள். நேரில் விசாரிக்க வேண்டும் என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அவரையும் வரச் சொல்கிறேன். தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ஒளிக்க எங்களிடம் எதுவும் இல்லை.

அனுமதி தந்தால் காலமெல்லாம் நன்றியோடு இருப்பேன். தர இயலாது என்றால், தயவுசெய்து இந்த முறை காரணத்தை எழுதுங்கள். அது என் குறையாக இருந்தால் திருத்திக்கொள்கிறேன். அவர் குறையாக இருந்தால், அவரும் நானும் பேசிக்கொள்ள வேண்டியது அது. தம்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றால் அதை மட்டுமாவது சொல்லுங்கள். இன்றிரவே கீழே போய் அவனை மேலே அழைத்து வந்துவிடுவேன்.

மிக்க பணிவுடன்,
ஈசூனில் வசிக்கும் ஒரு சிங்கப்பூர்க் குடிமகள்