அப்பாவை நிற்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன சித்திரையிலிருந்து எங்கள் அப்பாவைப் படுத்தி எடுத்த தலைக்கிறுகிறுப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அப்பா நன்றாக இருக்கிறார். கட்டுத்தரைக்கு அவரே போகிறார், பாலும் அவரே கறக்கிறார். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "அப்பனுக்கு எப்படி இருக்குது அம்மிணி, என்னதான் சொன்னாங்க?" என்று கேட்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல். அதைவிட முக்கியம், உதவி செய்தவர்களுக்கு முறையாக நன்றி சொல்ல வேண்டும். அதில் ஒருவருடைய பெயர் ஊர்கூட எனக்குத் தெரியாது.

அவரிடமிருந்தே தொடங்குகிறேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அன்றைக்கு வெயில் கொளுத்தியது. அப்பா குத்தவைத்து ஒரு கிடாரியின் குளம்பைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறார். கண் இருட்டி, கட்டுமுளையைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். பக்கத்தில் மாடு பிடிக்க வந்திருந்த ஒரு அண்ணன் அவரைத் தாங்கி மர நிழலில் படுக்க வைத்தார். கூட்டத்தில் ஆளாளுக்கு "எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க" என்றபோது, அவர்தான் வேண்டாம் என்று தடுத்து, தன் துண்டையும் ஒரு சாக்கையும் சுருட்டி அப்பாவின் கால்களுக்கு அடியில் அண்டக் கொடுத்திருக்கிறார். மயங்கி விழுந்தவருக்குக் காலை உயர்த்தி வைத்தால் ரத்தம் தலைக்குத் திரும்பும். முழு நினைவு வந்த பிறகு மோர் வாங்கிக் கொடுத்தார். அப்பாவின் செல்லிலிருந்து எனக்குக் கூப்பிட்டுச் சொன்னவரும் அவரே. திருப்பூரிலிருந்து நான் போய்ச் சேரும்வரை தன் வியாபாரத்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். தாராபுரம் பக்கம் என்று மட்டும் சொன்னார். பதற்றத்தில் வேறெதுவும் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அண்ணா, இதை நீங்கள் படித்தால், எங்கள் வீட்டில் உங்களை நினைக்காத நாள் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு பல மாதம் அலைந்தோம். பித்தம் என்றார்கள், ரத்தம் கம்மி என்றார்கள், காத்துக் கருப்பு என்று மந்திரிக்கச் சொன்னவர்களும் உண்டு. ரத்தம் பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம், ஈசிஜி எடுத்தோம். கோவையில் மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. கழுத்து எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் என்றார்கள். எழுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குப் படம் எடுத்தால் அது தெரியத்தான் செய்யும். கழுத்துப் பட்டையும் கிறுகிறுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தார், ஒரு மாற்றமும் இல்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லாரும் அக்கறையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ரத்த அழுத்தம் எப்போதும் ஒழுங்காகவே இருந்தது.

முதல் துப்பு கொடுத்தவர் ஈரோட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்படி பிடித்துக்கொண்டு கண்களையே பார்த்தார். பிறகு மறு பக்கம். உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன, அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் படுக்கையில் புரண்டாலே வீடு சுற்றும், அப்போது கண்மணி தானாகத் துடிக்கும் என்று விளக்கினார். அப்பாவின் கண் அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது.

"படுத்துப் புரண்டா வருதுங்களா, இல்ல எந்திரிச்சு நின்னா வருதுங்களா?"

"நின்னாத்தானுங்க. உக்காந்துட்டாப் போயிருமுங்க."

"சுத்துதுங்களா?"

"இல்லீங்க, கண்ணு இருட்டிக்கிட்டு வருமுங்க."

சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். காது காரணமல்ல, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கவும் என்று. தன் துறையில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடாமல் அடுத்து எங்கே தேட வேண்டும் என்று காட்டிய டாக்டருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

அந்தச் சீட்டை வீட்டில் படித்தவர் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் தங்கச்சி. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டம் எங்கள் இட்டேறிப் பாதைக்குள்ளும் வந்து சேர்ந்ததில் எனக்கு என்றும் மகிழ்ச்சி உண்டு. அந்தப் பெண் சீட்டைப் படித்ததும் அங்கேயே நின்று கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்னால் செவிலியர் அக்காவின் வண்டி எங்கள் வாசலில் நின்றது.

அந்த அரை மணி நேரம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் கட்டிலைப் போட்டு அப்பாவை ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்கச் சொன்னார். யாரும் பேசக் கூடாது என்றார். படுத்தபடியே பார்த்தார்: 146-க்கு 84. கைப்பட்டையைக் கழற்றாமலே எழுந்து நிற்கச் சொன்னார். அம்மாவைப் பின்னால் நாற்காலியோடு நிற்க வைத்தார். தன் ஒரு கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்தில் 118-க்கு 72. மூன்றாவது நிமிடத்தில் 104-க்கு 66. அப்பா, "வருதுங்க அம்மிணி, இருட்டுதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவரை நாற்காலியில் இருத்திவிட்டார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது நோய்க்குறிதான், இவருக்கு மேல் அளவு 42 குறைந்திருக்கிறது என்றார். அத்தனை மாதம் எந்தப் படத்திலும் அகப்படாதது எங்கள் வீட்டு ஆசாரத்தில், ஒரு பைசா செலவில்லாமல் கண்ணுக்கு முன்னால் நின்றது. அம்மா அழுதுவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சு போச்சுல்லங்க, இனி செரி பண்ணிக்கலாமுங்க" என்றார்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார் அக்கா. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பி, வழியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் அவற்றின் விவரத்தை எழுதி வாங்கிப் போனேன். கடை அண்ணன் அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். ரத்த அழுத்தத்துக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் அம்லோடிபின். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். முன்பு ரத்த அழுத்தம் ஏறியபோது ஒரு டாக்டர் சேர்த்த ப்ரசோசின். சிறுநீர் தடைப்படுகிறது என்று வேறொரு டாக்டர் எழுதிய டாம்சுலோசின். கடைசி இரண்டையும் ஒன்றாக நகர்த்தி வைத்து, "இது ரெண்டும் ஒரே வகை மருந்துங்க. டாக்டரம்மாகிட்ட இத மொதல்ல காட்டுங்க. நீங்களா நிறுத்தீராதீங்க" என்றார். இந்தக் கடைசி வார்த்தைக்காக அவருக்குத் தனியாக நன்றி.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பொறுமையாக விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் உடனே மூளைக்குத் தெரிவிக்க, ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் வேகமெடுத்து, அழுத்தத்தை மேலே நிறுத்துகின்றன. வயதானாலும், சர்க்கரை நெடுநாள் இருந்து நரம்பைப் பாதித்தாலும் இந்த ஏற்பாடு மந்தமாகும். டாம்சுலோசின் சிறுநீர்ப்பை வாயருகில் உள்ள தசையைத் தளர்த்துவதற்கு. ப்ரசோசின் ரத்தக் குழாயைத் தளர்த்துவதற்கு. இரண்டும் சேரும்போது, இறுக வேண்டிய நேரத்தில் குழாய் இறுகுவதில்லை. போதாக்குறைக்கு, ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அப்பா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். காங்கேயத்து வெயிலில் காட்டு வேலையும் செய்துகொண்டு.

கேட்டுக்கொண்டிருந்த அப்பா தலையை ஆட்டினார். "கெணத்துல தண்ணி கெடக்குது, மோட்டாரும் ஓடுது, மேட்டுக் காட்டுக்கு மட்டும் ஏற மாட்டேங்குது. அப்படித்தானுங்களே?" என்றார். அதேதான் என்றார் டாக்டரம்மா.

அவர் செய்த பெரிய காரியம் அதற்குப் பிறகுதான். எங்கள் முன்னாலேயே மருந்து எழுதிய இரண்டு டாக்டர்களையும் போனில் பிடித்துப் பேசினார். அவர்களும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். இரண்டுமே அந்தந்த நோய்க்குச் சரியான மருந்துதான், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். ப்ரசோசின் நிறுத்தப்பட்டது. சிறுநீர் மாத்திரை தொடர்கிறது. அடுத்த வாரங்களில் செவிலியர் அக்கா வந்து வந்து படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார். இப்போது நிற்கும்போது குறைவது பத்துக்குள்தான் இருக்கிறது.

அப்பாவும் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டிருக்கிறார். வெள்ளென எழுந்ததும் கட்டிலிலேயே ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறார். காலைத் தொங்கப் போட்டுச் சற்று உட்கார்ந்து, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்திவிட்டுத்தான் எழுகிறார். கறந்து முடித்ததும் சட்டென்று எழுவதில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதை விட்டுவிட்டார். மத்தியானம் வயிறு நிறைய அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுவிட்டு உடனே காட்டுக்குப் போக வேண்டாம், சாப்பாட்டுக்குப் பின்னும் அழுத்தம் இறங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் அம்மா பக்கத்தில் இருந்தால்தான் கேட்கிறார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களில் எருமையையும் மாட்டையும் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிய பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கும் அத்தைக்கும் நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு நாள்கூடக் கணக்கு தவறாமல் பால் பணத்தை அம்மா கையில் கொடுத்தார்கள். சிவன்மலைக்கு வேண்டிக்கொண்ட சின்னம்மாவுக்கும், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு வந்த தம்பிக்கும், ஒரம்பரையாக, விருந்தாளி மாதிரி வந்து போகாமல் இருந்து சமைத்துப் போட்ட நங்கையாவுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் பெரியவர் யாராவது எழுந்து நிற்கும்போது தடுமாறினால், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். நிற்க வைத்தும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் கிறுகிறுப்போடு பேச்சு குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் ஒரு பக்கம் விழுந்தாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அது வேறு விஷயம். காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

புஜத்தில் கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தக் கருவி ஒன்றை அப்பா வாங்கி, ஊர் பால் சொசைட்டியில் வைத்திருக்கிறார். உள்ளறையில் ஒரு பெஞ்சும் போட்டிருக்கிறது. காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் படுத்தும் நின்றும் பார்த்துக்கொள்ளலாம், அளவைக் குறிக்க நோட்டும் பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. பார்க்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர் தங்கச்சி சனிக்கிழமை காலையில் வந்து சொல்லித் தருகிறாள்.

நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பெண்,
காங்கேயம் வட்டம்