அப்பாவோடு பாடியவர்களுக்கும் அவரைச் சுமந்தவர்களுக்கும்

வேப்பேரி சபையாருக்கும் எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் அன்பின் வணக்கம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து, வீடு வீடாக வந்து நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவரை விட்டுவிட்டு நகர முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி மாடி வீட்டு பாய்க்கு. அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியதைப் பார்த்ததும், "யோசிக்காதம்மா, 108-ஐக் கூப்பிடு" என்று சொன்னவர் நீங்கள்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுதான் உங்கள் அவசரத்தின் அருமை எங்களுக்குப் புரிந்தது.

உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் பேச்சும் போயின. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வராது. ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர் அவர். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மிஷனெரி பெப்ரிசியஸ் ஐயர் இதே வேப்பேரியில் இருந்துகொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய கதையை அவர் வாயால் கேட்காத பிள்ளை நம் சபையில் இருக்காது. அப்படிப்பட்டவர், "தண்ணி" என்று கேட்க முடியாமல் அழுதார்.

பாடகர் குழுத் தம்பிகளே, தங்கைகளே, ஆராதனை முடிந்த கையோடு வந்து அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்று கீர்த்தனை பாடினீர்களே, இரண்டாம் சரணத்தில் அவர் குரலும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது! பேச்சுப் பயிற்சி தரும் மேடத்துக்கு அதில் ஆச்சரியமில்லை. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தைச் சார்ந்தது, ராகத்துக்கு வலது பக்கமும் துணை நிற்கும், நெடுநாள் மனப்பாடமான பாட்டும் ஜெபமும் பல பேருக்கு அழியாமல் தங்கிவிடும் என்றார். அப்புறம் அதையே பயிற்சியாக்கினார். இடது கையால் தாளம் தட்டி, "தண்ணி வேணும்" என்று ராகமாகச் சொல்ல வைத்தார். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அது கர்த்தருடைய கிருபைதான்.

"நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன், என்னைப் பின்பற்றுகிறவன் இருளிலே நடவாமல் ஜீவஒளியை அடைந்திருப்பான்." யோவான் 8:12. சின்ன வயதில் அப்பா எனக்கு மனப்பாடம் செய்வித்த வசனம். அதே இயேசு மலைப்பிரசங்கத்தில் சீஷர்களைப் பார்த்து, நீங்களும் உலகத்துக்கு வெளிச்சம் என்கிறார். அந்த மாதங்களில் ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு வார்த்தையும் வராது. அப்போது நான் பார்த்த வெளிச்சம் உங்களிடமிருந்து வந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர், நான் தூங்க வேண்டும் என்பதற்காக இரவில் வந்து இருந்தார். முகம் சுளிக்காமல் அப்பாவின் துணியை மாற்றினார். எழும்பூர் மருந்துக்கடை வரிசையில் எனக்குப் பதிலாக நின்றவர்கள் உண்டு. மேடையில் சொல்லும் சாட்சியைவிட இதுதான் பெரிது என்பேன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியவர் அல்லவா?

ஆட்டோ அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒவ்வொரு பயிற்சி நாளும் அப்பாவைப் படியில் தூக்கி இறக்கினீர்கள். "நான் முருகனைக் கும்பிடுறவன். ஐயாவைத் தூக்க அதுல என்ன இருக்கு?" என்றீர்கள். என் ஆண்டவர் இப்படித்தான் நடந்துகொள்வார் என்று தோன்றியது. தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும் அண்ணே.

அப்பா இப்போது பரமண்டல ஜெபத்தை முழுதாகச் சொல்கிறார், கைத்தடி ஊன்றி கூடத்தில் நடக்கிறார். அடுத்த நற்கருணை ஆராதனைக்கு அழைத்து வருகிறோம். அவரிடம் பேசும்போது ஒரு நேரத்தில் ஒருவராகப் பேசுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாமல் காத்திருங்கள். பாட்டை மட்டும் தாராளமாகத் தொடங்கலாம், அவர் சேர்ந்துகொள்வார்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி